குப்பை கொட்டிய வகையில்

"எங்க வீட்ல அவரே கொட்டிட்டு வந்துருவாரு"
என்று தங்கச்சியிடம் போனில் சொல்வாள் தமயந்தி.
கொடுத்துவைத்தவள் என்று பதில் வரும், எனக்கே கேட்கும்.

காலை ஆறே முக்காலுக்கு விசில் ஊதிக்கொண்டு
பேட்டரி வண்டி வரத்தான் செய்கிறது செல்லூருக்கு.
மாநகராட்சி தந்த பச்சைக் கூடையில் இட்லி அரிசி.
நீலக் கூடையில் மகனின் ப்ளஸ் டூ புத்தகங்கள்.
மூடி நன்றாக இருக்கிறது, வீணாக்குவானேன்.

நான் இரவு பத்தே முக்காலுக்குக் கிளம்புவேன்.
கறுப்புக் கவர். காதுகளைச் சேர்த்து மூன்று முடிச்சு,
கட்டிப் பழகிய கை.
பந்தல்குடி வாய்க்காலின் சின்னப் பாலத்தில்
எதிர்வீட்டு ஜனார்த்தனன் நிற்பார்,
கை முதுகுக்குப் பின்னால்.
"என்ன சார் இந்நேரம்?"
"காத்தாட வந்தேன்."
"ஆமா, ஒரே புழுக்கம்."
அந்த நாற்றத்தில் இருவரும்
ஆழமாக ஒரு மூச்சு இழுத்துக் காட்டுவோம்.
அவர் முதலில் போகட்டும் என்று நானும்
நான் போகட்டும் என்று அவரும்
நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு தேர்தலே நடத்தி முடித்திருக்கலாம்.

பாலத்துச் சுவரில் மூன்று மதத்துக்கும் சாமி ஓடு பதித்தார்கள்.
குப்பை நாலடி தள்ளிப் போனது.
சாமி குத்தம் ஆகாத தூரம் எதுவென்று
யாரும் சொல்லாமலே தெருவுக்குத் தெரிந்திருந்தது.

கீழமாசி வீதி மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான்.
உளுந்து மூட்டையில் சிந்திய அரைக் கிலோவுக்கும்
பேரேட்டில் ஒரு வகை உண்டு.
எங்கும் எழுதாதது இது:
சித்திரையிலிருந்து ஊசி. தொடையில். குளியலறையில் தாழ் போட்டு.
சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
தமயந்திக்குத் தெரியாது.
தெரிந்தால் அழமாட்டாள், கம்பு தோசை சுடுவாள்.
வண்டிக்காரர்கள் தரம் பிரித்துக் கேட்பார்கள்,
வாசலில், அவள் கண்ணெதிரில்.
வாய்க்கால் எதையும் பிரிப்பதில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் தூர்வார இறங்கினார்கள்.
மறுவாரம் ஒரு காலையில் வாசலில் மாயக்காள்.
கையில் காய்ந்து சுருண்ட கூரியர் உறை,
அதில் என் பெயர், கதவு எண், மதுரை இரண்டு.
"மூணு முடிச்சுப் பை உங்களதுதானண்ணே?
எம்பத்தேழு அள்ளிருக்கேன். எண்ணிட்டுத்தான் வந்தேன்."
கையுறை இல்லாத வலதுகையின்
ஆள்காட்டி விரலை நீட்டினாள்.
நுனியில் ஒரு புள்ளி, கடுகைவிடச் சின்னது.
"பெரியாஸ்பத்திரியில ரத்தம் எடுத்துருக்காங்க.
மூணு மாசங்கழிச்சு மறுபடி எடுக்கணுமாம்.
அதுவரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாதாம்."
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
"ஊசிய மட்டும் ஒரு டப்பாவுல போட்டு எங்கிட்ட குடுங்க.
மத்தத நீங்க எங்க கொட்டுனாலும்
நாந்தான அள்ளப் போறேன்."

அடுப்படியில் தாளிக்கும் சத்தம் நின்றிருந்தது.
தமயந்தி கதவுக்கு வந்தாள், அந்த விரலைப் பார்த்தாள்,
பிறகு என் லுங்கியை, தொடை இருக்கும் இடத்தை.
"இருபத்திமூணு வருஷம் உங்ககூடக் குப்பை கொட்டிருக்கேன்"
என்றாள்.
ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி
வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.
மாயக்காளுக்குக் காபி கொடுத்தாள், எவர்சில்வர் டம்ளரில்.
எனக்குக் கொடுக்கவில்லை.

இரவு பத்தே முக்காலுக்குக் கால் தானாக எழுந்தது.
அரிசி இன்னும் பச்சைக் கூடையில்தான்.
பாலத்தில் ஜனார்த்தனன், "புழுக்கம்" என்றார்.
"ஆமா" என்றேன்.
அன்று கவருக்கு
இரண்டு முடிச்சுதான் போட்டிருந்தேன்.