மூன்றாவது வாளி

வீட்டுக்கு இரண்டு வாளி என்று
லாரியின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதியிருந்தது.
டோங்காட்டில் குழாய்கள் வறண்டு நாற்பத்தோராம் நாள்.
கரும்புக் காட்டிலிருந்து குரங்குகள்கூட இறங்கி வந்து
டயருக்கடியில் சிந்தியதை நக்கின.

கோகிலாம்பாள் படையாச்சி மூன்றாவதாக
ஒரு பெயின்ட் டின்னை நீட்டினாள்.
நான் பார்த்தேன். போனை எடுத்தேன்.
அந்தப் படத்தில் பொய்யில்லை.
அதுதான் அதன் பலம்.
டின்னின் விளிம்பில் காய்ந்த பச்சை, அவள் முழங்கை,
பின்னால் வரிசையில் ஒரு பிள்ளையின் காலி ஜாடி.
ஜாடியும் சட்டத்துக்குள் விழட்டும் என்று
அரையடி நகர்ந்து நின்றேன்.
'இவளுக்கு மட்டும் தாகம்' என்று
மூன்று சொல் சேர்த்து அனுப்பினேன்.

ராத்திரி எட்டுக்குள் படம்
ஃபீனிக்ஸ் போய், ஜோகனஸ்பர்க் போய்,
பெர்த்தில் இருக்கும் மச்சான் வழியாக
எனக்கே திரும்பி வந்தது.
"உங்க ஊர்தானே? பாத்தியா?"
பார்த்தேன். முகத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள்.
ஜாடி இல்லை.
தண்ணீரும் இல்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதினாள்.
மனசிலிருந்து வரவில்லை என்றார்கள்.
பேசி அனுப்பினாள்.
எத்தனையாவது நொடியில் அழுகை தொடங்குகிறது என்று
எண்ணிப் பார்த்து, நடிப்பு என்று தீர்ப்பெழுதினார்
ரிட்டயரான வாத்தியார் ஒருவர்.
பிறகு, கோயில் கொடிமரத்தடியில்
ஒரு டின் தண்ணீரைத் தரையில் ஊற்றச் சொன்னார்கள்.
ஊற்றினாள்.
தண்ணீரில்லாத ஊரில், எல்லாரும் பார்க்க,
ஒரு டின் தண்ணீர்.
வெளிச்சம் போதலை ஆன்ட்டி,
இன்னொரு வாட்டி என்றான் சாகரன்.

அந்த மூன்றாவது வாளி எதற்கென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
படுக்கையில் யாராவது இருக்கலாம்.
வெறும் ரோஜாச்செடியாகவும் இருக்கலாம்.

ஆடிக் கூழுக்கு வராதே என்று யாரும் சொல்லவில்லை.
அவள் கை நீளும்போதெல்லாம்
அகப்பை வேறு கையில் இருந்தது.

என் கார் டிக்கியில் அன்றைக்கு ஆறு கேன்.
உம்ஷ்லாங்கா ஆபீஸ் குழாயில் பிடித்தது.
தினமும் ஆறு.
லாரி வரிசையிலும் நிற்பேன், இல்லாதவன்போலத் தெரிய.
இதை வெளியே சொன்னால்
என் முகமும் பெரிதாகிவிடும் என்று பயம்.
சொன்னால், எவ்வளவு நேர்மை பார் என்பார்கள்
என்றொரு ஆசை.
எது எதைத் தடுத்தது தெரியவில்லை.

நேற்று ஒரே வாளியோடு நின்றாள்,
அதையும் கழுத்துவரை நிரப்பாமல்.
அந்தக் குறையையும் அளந்தன கண்கள்.
பக்கத்தில் போனேன். வாய் திறப்பதற்குள் சொன்னாள்:
"மன்னிப்பெல்லாம் வேணாம் நவா.
எங்கிட்டருந்து அதையும் வாங்கிட்டுப் போய்
நீ நிம்மதியாத் தூங்கணுமா?
வாளி கனக்குது.
ஒரு பக்கம் பிடி,
இல்லேன்னா வழிய விடு."

சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கையில் போன்.

வழியை விட்டேன்.