மதிப்பிற்குரிய திரு. ஆவுடையப்பன்

நாற்பத்து மூன்று நிறுவனங்கள்
என் அப்பாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டன.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
எதையாவது எழுதித்தான் ஆகவேண்டும்.
பாஸ்போர்ட்டில் இருந்ததையே எழுதினேன்.
அன்றிலிருந்து
மதிப்பிற்குரிய திரு. ஆவுடையப்பன்,
உங்கள் ஆர்வத்துக்கு நன்றி,
வருந்துகிறோம்.
சங்கரன்கோவிலில் டயர் கடை வைத்திருக்கும் மனிதர்
விண்ணப்பமே போடாத வேலைகளை
மக்டேபர்க்கில் ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருக்கிறார்.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

விசாவில் பதினெட்டு மாதம்.
எக்செல் தாளில்
நிறுவனம், ஊர், தேதி, யாரிடம் பேசினேன்,
என்ன கேட்டார்கள்,
என்ன சொல்லியிருக்கலாம்.
கடைசிப் பத்தியில் எழுத்து கிடையாது, நிறம்தான்.
சிவப்பு ஒருகாலத்தில் எனக்குப் பிடித்த நிறம்.

முதலில் திட்டமெல்லாம் இல்லை. வாரத்துக்குப் பத்து.
ஒரே கடிதம், நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறும்.
ஒருமுறை அதையும் மாற்ற மறந்து
சிமெண்ட் கம்பெனி ஒன்றுக்கு
பால்பவுடர்மேல் எனக்குள்ள தீராக் காதலைத்
தெரிவித்திருந்தேன்.
பக்கத்து அறை மிலேனா
என் எலுமிச்சைச் சோற்றைத் தின்றுகொண்டே
அதைச் சத்தமாக வாசித்தாள்.
சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.
எனக்கும்தான், கொஞ்சம் தாமதமாக.

அன்றிரவு தாளைப் பிரித்துப் போட்டேன்.
இனி வாரத்துக்கு மூன்று.
செவ்வாய்க் காலை போன்.
முகம் பார்த்தாலே தடுக்குகிற ஜெர்மனைப்
போனில் பேசுவது
இருட்டில் அடுத்தவர் வீட்டுப் படியிறங்குவது.
எழுதிவைத்துப் படித்தேன்.
எழுதிவைக்காததைக் கேட்டார்கள்:
உங்கள் வாழ்க்கைக் குறிப்பில்
மார்ச்சுக்குப் பிறகு ஓர் இடைவெளி இருக்கிறதே?

இருக்கிறது.
அந்த இடைவெளி காலை நாலரைக்கு எழுந்து
ஹாசல்பாக் சதுக்கத்து பேக்கரியில் ரொட்டி அடுக்குகிறது.
எழுதாதே, துறைக்குப் பொருந்தாது என்றார்கள்
வேலை ஆலோசனை மையத்தில்.

இதே ஊர்க்காரர் ஒருவர், முந்நூற்றுச் சொச்சம் வருடம் முன்,
இரண்டு செம்புக் கிண்ணங்களை வாயோடு வாய் பொருத்தி
உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார்.
இந்தப் பக்கம் எட்டுக் குதிரை, அந்தப் பக்கம் எட்டு.
இழுத்தும் பிரியவில்லை.
உள்ளே ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமில்லாததற்காக
என் பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயர்;
கிண்ணம் தொங்கும் சாவிக்கொத்து ஆறு யூரோ.
என்னுடைய ஒன்றுமில்லாததற்கு மட்டும்
விளக்கம் வேண்டுமாம்.

பிடித்து வைத்திருப்பது வெற்றிடம் இல்லை,
வெளியே நின்று அழுத்துகிற காற்று.
தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
கல்விக்கடன் வட்டி. விசாத் தேதி.
"என்னம்மா ஆச்சு" என்பதோடு நின்றுவிடும்
எட்டு நொடிக் குரல் செய்தி.
காற்றடித்துப் பிழைக்கிறவர்,
அழுத்தம் அவருக்குத் தெரியாதா?

போன செவ்வாய்,
ஷோனெபெக்கில் உலர்த்தி இயந்திரங்கள் செய்யும் கம்பெனி.
அறுபது பேர். ஆள் தேவை விளம்பரம் எதுவுமில்லை.
எடுத்தவர் லிண்டமான் என்றொரு அம்மையார்.
மூன்றாவது நிமிடம் அதே கேள்வி.
எழுதிய தாளைக் கவிழ்த்தேன்.
ரொட்டி அடுக்குகிறேன் என்றேன்.
வெளியே மழை பிடித்தால்
எத்தனையாவது நிமிடத்தில் மேல்தோல் தளரும் என்று
தொடாமலே தெரியும் என்றேன்.
என் ஆய்வேடும் ஈரம் வெளியேறுவதைப் பற்றித்தான்,
அதில் இவ்வளவு வாசனை இல்லை என்றேன்.
வினைச்சொல்லைத் தப்பான இடத்தில் வைத்தேன்,
அது பாட்டுக்குக் கிடந்தது.

மறுமுனையில் சத்தமில்லை.
பிறகு கீபோர்டு.
உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?
உலகம்மை.
அப்படியானால் இந்த ஆவுடையப்பன்?
அது அப்பா.
சரி, வியாழன் பத்தேகாலுக்கு
இரண்டு பேரில் யார் வருகிறீர்கள்?

நூற்று ஆறாவது வரி. நிறம் போடவில்லை.
எட்டு ஐம்பது ரயில்;
அது தாமதமானால் என்று அதற்கு முந்தையதையும்
குறித்து வைத்திருக்கிறேன்.
வியாழன் காலை பேக்கரியில் முறை மாற்றிக் கேட்கவேண்டும்.
அதற்கும் ஒரு படிவம் உண்டு.