நடுக்கோடு

ஊலு நகரில் பிப்ரவரி. நாலரைக்கெல்லாம் இருட்டு.
வென்லா தன் விளையாட்டுப் பெட்டியைக்
கம்பளிச் சட்டைக்குள் பொதிந்து கொண்டுவந்தாள்.
என்னுடையதும் அதே சாம்பல் நிறம்,
அதே கடை, அதே விலை.

ஒரே கேசட்டை மாற்றி மாற்றிச் செருகினோம்.
அவள் திரையில் பைன் காடு
ஊசி ஊசியாக நின்றது.
என் திரையில் அதே காடு
மூச்சுப் பட்ட கண்ணாடிக்குப் பின்னால்.

திருகுகளைக் கழற்றினேன்.
என் பலகையில் மூன்று சில்லுகள் கூடிச் செய்ததை
அவளுடையதில் ஒன்றே செய்தது.
செலவைக் குறைக்கப் போனார்கள்,
படம் தெளிந்துவிட்டது.

எட்டு வயதில் அந்தக் காட்டின் நடுவே
மேலிருந்து கீழாக வெளிறிய கோடொன்று பார்த்திருந்தேன்.
ஓடினால் கூடவே ஓடும். நின்றால் நிற்கும்.
பாக்கனென் என்று பெயர் வைத்தேன், உறைபனி.
மூன்று குளிர்காலம் அதனோடு பேசியிருக்கிறேன்.

"இங்கே யாரும் இல்லையே, ஓஸ்மோ" என்றாள்
தன் திரையைக் காட்டி.
இல்லைதான்.
பலகையில் எங்கோ ஒரு மின்கசிவு, அவ்வளவே.

கடைசிக் கட்டத்தில்
பதினோரு ஓநாய்கள் ஒன்றாகப் பாய்ந்தபோது
இரண்டு பெட்டிகளும் ஒரேபோல் திணறின.
அவளுடையது தெளிவாகத் திணறியது.

காபி ஆறியிருந்தது.
"ஒரு மாதம் மாற்றிக்கொள்வோமா?"
கேட்டது அவள்.

பேருந்து நிறுத்தம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்,
கம்பளிச் சட்டைக்குள்
என் மங்கலை
அணைத்துக்கொண்டு போனவளை.

வீட்டில் இப்போது
காடு மிகத் துல்லியம்.
பேச ஆளில்லை.