கூடை தரட்டோ

ஆரியகுளம் சந்தியில் இறங்கினால்
ஐந்து நிமிட நடை, எங்கள் கடை.
பெயர்ப்பலகையில் 'சுப்பர்' இருக்கிறது.
உள்ளே நாலு வரிசை றாக்கை,
ஒரு குளிர்ப்பெட்டி; இரவில் அது இருமும்.

மார்கழிக் கணக்கெடுப்பில் காணாமற் போனவை:
சவர அலகு பதினேழு,
ஏலக்காய்ப் பக்கெற் இருபத்திரண்டு,
பிஸ்கட் எண்ணி முடியவில்லை,
குழந்தைப் பால்மா ஆறு,
செருப்பு ஒன்று. சோடி அல்ல, ஒற்றை.
ஒற்றையை ஆர் கொண்டுபோவினம் என்று
மூன்று நாள் கதைத்தோம்.

கொழும்பிலிருந்து கழுத்துப்பட்டியோடு ஒருவர் வந்தார்.
வாசலில் காவல், பைக்கு ரோக்கன்,
வெளியே போகையில் பில்லில் ஒரு கிழிசல்.
"எல்லா இடமும் இப்பிடித்தான், மிஸ்."
முதலாளி குலசிங்கம் தலையாட்டினார்.
திங்கட்கிழமை நிதர்சன் வேலைக்கு வந்தான்,
வட்டுக்கோட்டைப் பெடியன்,
சீருடை தோளில் பெருத்திருந்தது.

பத்தரைக்கு ஒரு அம்மா வந்தா.
அவன் வாயே திறக்கவில்லை.
அவவாகக் கைப்பையின் சிப்பை இழுத்து
அகலத் திறந்து நீட்டினா.
மற்றக் கை தன்பாட்டில் போய்
அடையாள அட்டையைத் தேடிற்று.
குடையையும் விரித்துக் காட்டினா,
கூரைக்குக் கீழே,
வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல்.

மீன் ரின் அடுக்கிய என் கை
அந்தரத்தில் நின்றது.

பின்னேரம் முதலாளியிடம் ஒரு வசனம்தான் சொன்னேன்:
"இந்தச் சனம் காணுமெண்ட அளவுக்குப்
பை திறந்து காட்டிட்டுது, ஐயா."
அவர் கல்குலேற்றரைப் பார்த்தார்.
வாசல் கதிரையைப் பார்த்தார்.
கதிரை உள்ளே வந்தது.

றாக்கைகளின் மேல்தட்டைக் கழற்றினோம்;
இப்போது எல்லாருடைய தலையும் எல்லாருக்கும் தெரியும்.
இருட்டு மூலைக்கு ஒரு குமிழ்.
அலகும் பால்மாவும் காசுமேசைக்குப் பக்கத்தில்,
பூட்டில்லாமல்.
பூட்டினால் ஒரு தாய்
கேட்டு வாங்கவேண்டி வரும்.
அதுவும் ஒரு சோதனைச்சாவடிதான்.

நிதர்சனுக்கு வேலை இரண்டு சொல்:
"கூடை தரட்டோ?"
கை நிறையச் சாமானோடு நிற்பவருக்கு உதவி.
சட்டைக்குள் போகப்பார்க்கும் கைக்கு
தோளில் ஒரு தட்டு.
அதே சொல், அதே சிரிப்பு,
எது தனக்கென்று அவரவருக்கு விளங்கும்.

ஏலக்காய் மட்டும் குறைந்துகொண்டே போனது.

வெள்ளிக்கிழமை. வேட்டி, திருநீறு,
கச்சேரியில் இருந்து ஓய்வுபெற்றவர்,
ஒருவரிடமும் ஒரு சதம் கடன் வையாதவர்.
இடுப்பு மடிப்பில் ஒரு பக்கெற்றின் முனை.
பில் மெசினின் சத்தத்துக்குக் கீழே
குரலை இறக்கிக் கேட்டேன்:
"அதையும் சேர்த்து அடிக்கட்டோ?"
மடிப்பைக் குனிந்து பார்த்தார்,
ஆரோ கொண்டுவந்து வைத்ததைப் போல.
"ஓம் ஓம். மறந்துபோனன், பிள்ளை."
பின்னால் நின்றவர் போனில் இருந்தார்.
அடுத்த வெள்ளியும் வந்தார்,
கூடையைத் தானே எடுத்தார்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
நானும் தராசைத்தான் பார்த்தேன்.

பிஸ்கட்டுக்கு வருகிறேன்.
ஒரு செவ்வாய், லொறிச் சாமானை நானே நின்று எண்ணினேன்.
ஒப்பம் பத்துப் பெட்டிக்கு,
இறங்கியது ஒன்பது.
இரண்டு வருடமாய்ப் பின்கதவால்
"எப்பிடி அக்கா" என்று வந்த மனிதருக்கு
தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது நான்.
சீனி கூட, அவர் கேட்டபடி.
முன்வாசலில் நாங்கள்
ஒரு ஊரையே நிறுத்திவைக்கப் பார்த்தோம்.

பங்குனிக் கணக்கு:
அலகு மூன்று, பால்மா ஒன்று.
பால்மாவில் பேனை கொஞ்சம் நின்றது.
எழுதினேன். கணக்கு கணக்குத்தான்.

செருப்பு அகப்பட்டது,
குளிர்ப்பெட்டிக்கு அடியில், தூசி மூடி.
இழுத்து எடுத்தோம்.
இருமல் இன்னும் நிற்கவில்லை.