வலஞ்சுழி

நாங்குநேரி பள்ளிக்கூடத்தில்
ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு.
மூன்றாவது மேசை எனக்கு.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட முக்கோணம்.
இளஞ்சிவப்புச் சீட்டு என்றால் ஊராட்சித் தலைவர்.
ஐம்பதுக்கு ஒரு ரப்பர் பேண்ட்.

ஏணி, ஏணி, ஏணி,
செல்லாதது, ஏணி.
ரப்பர் பேண்ட் தீர்ந்துபோய்
பக்கத்து மேசை எஸ்தர் கனியிடம் கடன் வாங்கினேன்.
கட்டிலுக்கென்று வைத்த தட்டில்
டீ டம்ளரை வைத்துவிட்டுப் போனார்கள்.

கம்பிவலைக்கு அந்தப்புறம் நின்றார் கட்டில்.
பெயர் மாசானமுத்து. காத்தாடி கம்பெனி வாட்ச்மேன்.
ஆள் கிடைக்காமல்
தனக்குத் தானே ஏஜெண்டு.
விரல் மடக்கி அவரும் எண்ணினார்.
ஒரு கை முடிந்து
அடுத்த கையின் இரண்டாம் விரலில் நின்றது.

ஏழு.

அப்போதுதான் தங்கப்பழத்தின் மச்சான் கத்தினான்:
"அந்தச் சீட்டு செல்லாது சார்,
ரெண்டு கட்டத்துலயும் மை இருக்கு, பாருங்க!"
ஆயிரத்து எண்ணூறு கையில் இருந்தும்
அந்த ஒன்று உறுத்தியிருக்கிறது,
செருப்புக்குள் உடைமுள் மாதிரி.

அதிகாரி சீட்டை டியூப்லைட்டில் பிடித்தார்.
யாரோ அழுத்திக் குத்தி
மை காய்வதற்குள் மடித்திருக்கிறார்கள்.
வெளியே யார் நின்றார்களோ.
மடிப்பில் கட்டிலின் முத்திரை
ஏணியையும் தொட்டுவிட்டது.
"வலஞ்சுழியா இருக்கிறது குத்தினது,
இடஞ்சுழியா இருக்கிறது ஒட்டினது. செல்லும்"
என்றார், சோற்றுப் பொட்டலத்தைத் தேடிக்கொண்டே.

படிவத்தில் எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு
கட்டத்துக்குள் அடங்காமல் ஓரக்கோட்டைத் தாண்டியது.
கட்டிலுக்கு இரண்டே எழுத்து.
மிச்ச இடத்தில் யாரும் எதுவும் சேர்த்துவிடாதபடி
ஒரு கோடு இழுத்துவைத்தேன்.

கையெழுத்துப் போட வந்தவர்
பேனாவைத் திருப்பித் தராமல் நின்றார்.
"எங்க வீட்ல நாலு ஓட்டு டீச்சர்.
மிச்சம் மூணு யாரா இருக்கும்?"
சீட்டுக்குப் பேர் கிடையாது, தெரு கிடையாது.
அந்த நாலும் விழுந்திருக்கும் என்று
எப்படிச் சொல்கிறீர்கள்?
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

வாசலில் பத்தாயிரம் வாலா வெடித்தது.
அது ஓயும்வரை பேச முடியவில்லை.
ஓய்ந்தபோது ரோட்டில் ஹாரன்.
"வள்ளியூர் வண்டி" என்று
பேனாவோடு ஓடினார்.
நின்ற மாதிரிதான் கேட்டது.