பதினோராம் மாடி

என் நாளின் கணக்கு பம்பர்ஸில் தொடங்கும்.
இன்று ஒன்பது.
நாலு போனால் நாளைக்கு ஐந்து.
அதற்கடுத்த நாளுக்கு
என் பழைய பருத்திச் சேலையைக்
கிழித்து வைத்திருக்கிறேன்.

லிப்ட் மாசியிலேயே செத்துப்போனது.
திருத்த வருகிறவனுக்கும் வீட்டில் இரு என்று சட்டம்.
விடியப்புறம் ஐந்தரைக்குக்
கதவில் இரண்டு தட்டு.
ஹாவா மணியை அழுத்தமாட்டாள், பிள்ளைகள் எழும்பிவிடும்.
திதியானை வாசலில் இருத்திவிட்டு
இரண்டு மீட்டர் பின்னுக்குப் போய் நிற்பாள்
நான் தூக்கும்வரை.
அவள் கையும் இல்லாமல்
என் கையும் இல்லாமல்
நடுவில் ஒரு கணம்.
அந்தக் கணத்துக்கு மட்டும் அவன் அழுவான்.

பிறகு அவள் ஆஸ்பத்திரி கூட்டப் போவாள்.
கட்டில்கள் வரிசையாய்க் காலியாகும் தளம்.
அங்கே என்ன கண்டாள் என்று நான் கேட்பதில்லை.
இங்கே எத்தனை தரம் விழுந்தான் என்று
அவளும் கேட்பதில்லை.

ஆறரைக்கு ரயான். அவன் தாய் நஸீமா
சூப்பர்மார்க்கெட்டில் காசு வாங்குகிறவள்,
நெளிந்த டின்களை மலிவாய்க் கொண்டுவருவாள்.
என் மகள் மிதுஷாவோடு மூன்று.
இரண்டு அறை. ஒரு ஜன்னல்.
லா கூர்னேவ் முழுக்க அந்த ஒரு ஜன்னலுக்குள்.

கீழே விளையாட்டிடத்தில்
சறுக்குப் பலகைக்குச் சிவப்பும் வெள்ளையுமாய்
நாடா சுற்றிக் கட்டியிருக்கிறார்கள்.
ரயான் கேட்டான்:
அதுக்கு எங்க காயம்?

பள்ளிக்கூடம் என் போனுக்குள் வந்துவிட்டது.
டீச்சரின் குரல் விட்டுவிட்டு வரும்.
மிதுஷா ஒன்பதாம் வாய்ப்பாட்டில் நிற்க
டேட்டா முடியும்.
பள்ளிக்கூடம் விட்டாச்சு என்று கத்துவாள்.
அடிக்கவும் மனமில்லை, சிரிக்கவும் தெம்பில்லை.

இவர் கறுப்பில் வேலை செய்த சமையலறை.
கடை மூட, கணக்கில் இல்லாத ஆளுக்குக்
கணக்கில்லாத விடுமுறை.
வெளியே போக ஒரு கடிதம் வேண்டும்:
தானே எழுதி, தானே கையெழுத்து வைத்து,
தனக்குத்தானே அனுமதி கொடுத்துப் போவார்
இலவசச் சாமான் வரிசைக்கு.
நேற்று மூன்று மணித்தியாலம் நின்றதுக்கு
பாஸ்தா, பட்டாணி டின்,
ஒரு பக்கெட் பிஸ்கட்.
சட்டம் தந்தது ஒரு மணித்தியாலம்தான்.
பொலிஸ் மறிக்கவில்லை, கடவுள் புண்ணியம்.

இரவு எட்டுக்கு எங்கோ கை தட்டுகிறார்கள்.
எங்கள் கட்டடத்தில் சத்தம் குறைவு.
தட்டுப்பட வேண்டிய ஆட்கள்
இன்னும் வேலையால் வரவில்லை.
ஆனாலும் ரயான் ஒரு சட்டியை அடிக்கிறான்,
பிள்ளைக்கு ஒரு சாட்டுப் போதும்.

அன்று,
வியாழனா வெள்ளியா, எல்லாம் ஒரே கிழமை,
சட்டிச் சத்தத்துக்கு
குளிர்பெட்டியைப் பிடித்து நின்ற திதியான்
கையை விட்டான்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது என் முழங்காலில் முடிந்தது.

வாயைத் திறந்தேன் கத்த.
மூடினேன்.

ஒன்பதரைக்கு ஹாவா வந்தாள்,
பதினொரு மாடி மூச்சு கதவுக்கு முன்னாலேயே வந்தது.
தன் வீட்டில் போய்க் குளித்து, உடுப்பு மாற்றி,
திரும்பி வந்து படிக்கட்டில் குந்தினாள்.
நான் அவனை வாசலில் நிறுத்திப்
பின்னுக்கு நகர்ந்தேன்.
நிறுத்தினேன்.
இருத்தவில்லை.

அழ வாயைக் கோணினான்.
பிறகு அந்த இரண்டு மீட்டரை
அவனே நடந்தான்.

ஹாவா தன் மொழியில் எதையோ சொன்னாள்,
கவசத்துக்கு மேலே கண் நிறைய.
பிறகு பிரெஞ்சில்:
இதுதானா? இதுதானா முதல்?

இதுதான், என்றேன்.

எனக்குப் பின்னால் மிதுஷா,
இல்லையே, எட்டு மணிக்கே அவன்... என்று தொடங்க,
அவள் வாய்க்குள் ஒரு பிஸ்கட்டைத் திணித்தேன்.

பக்கெட்டில்
கடைசியாய் இருந்தது.