வெறும் உப்பு நீர்

ஹெசரகட்டாவில் பிப்ரவரி இன்னும் குளிர்கிறது.
தஸ்தகீர் வாலைத் துணி சுற்றிக் கட்டிவிட்டான்.
மூன்று முறை கழுவியாயிற்று.
கடைசிப் பஞ்சு வெள்ளையாகத் திரும்பும்வரை
நான் கையுறையைத் தொடுவதில்லை.

பந்தயச் சீட்டில் அவள் பெயர் லேட் ரிமைண்டர்.
லாயத்தில் பொம்மி.
இரண்டு பருவமாகச் சினை நிற்கவில்லை.

பெலியப்பா போனில் சொல்கிறார்:
"இருக்கற மருந்தெல்லாம் கலந்து ஏத்திடுங்க டாக்டர்.
ஏதாவது ஒண்ணு கேக்கும்."

மருந்து கேட்கும் என்கிறோம்.
உள்ளே இருக்கும் சவ்வை
யாரும் எதுவும் கேட்பதில்லை.
எந்தக் கிருமி, எதற்குப் படியும்,
ஆய்வகம் சொல்ல வியாழன் ஆகும்.
நரம்பில் போடச் செய்த மருந்தை
அதற்குள் அங்கே ஊற்றினால்
கிருமியோடு நிற்காது.
படுக்கையையும் உரித்துவிட்டுத்தான் போகும்.

சலைன் பைகள் வெந்நீர் வாளியில் மிதக்கின்றன.
முழங்கையின் உட்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன்.
ஒரு லிட்டர் உள்ளே.
அதே ஒரு லிட்டர் வெளியே, மோர்போல.
அடுத்தது அரிசி களைந்த நீர்.
மூன்றாவதில் தஸ்தகீர்
ஜாடியை வெளிச்சத்துக்குத் தூக்குகிறான்:
"மேடம், அந்தப் பக்கத்து வேலி தெரியுது."
எலகங்காவிலிருந்து கிளம்பிய விமானம்
கூரையை உரசுவதுபோல் போகிறது.
பொம்மியின் ஒரு காது மட்டும் திரும்புகிறது.

"உப்புத் தண்ணிக்கா நாலாயிரம்?"
பில் போய்ச் சேர்ந்துவிட்டது.
போடாமல் விட்டதற்கு
பில்லில் வரி கிடையாது.

கருப்பை வாயில் விரலுக்குத் தட்டுப்பட்ட
அந்த நார்த்தழும்பு எப்போது வந்தது?
லாயத்து நோட்டைப் பின்னோக்கிப் புரட்டுகிறேன்.
நான்கு வருடம் முந்தைய மார்ச்.
அயோடின்.
எவ்வளவு நீரில் என்று எழுதவில்லை.
கீழே சுருக்கொப்பம்.
கடைசி எழுத்தின் வால் நீண்டு
அடுத்த வரியைத் தொடுகிறது,
இன்றைய பில்லில் தொடுவதுபோலவே.

வெளிறிய தேநீரின் நிறம் போதும்
என்று அன்று எனக்குத் தெரியாது.

தெரியும்.
அன்று இன்னும் ஏழு குதிரைகள் இருந்தன,
இருட்டிக்கொண்டு வந்தது,
புட்டியிலிருந்து துருநீர்போல் விழுந்ததைப்
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்றைய பக்கத்தில் எழுதுகிறேன்:
சலைன், மூன்று லிட்டர், உடல் சூடு.
மருந்து: இல்லை.
பெயரை முழுதாக.
பழைய பக்கத்தின் ஓரத்தில்
இன்னும் ஒன்று எழுத வேண்டும்.
பேனா மூடியைத் திறந்து வைத்திருக்கிறேன்.

தஸ்தகீர் வால்கட்டை அவிழ்க்கிறான்.
பொம்மி பின்னங்காலை
சும்மாதான் மாற்றி வைத்தாள்.
நான் ஒதுங்கிக்கொண்டேன்.